பழைய எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி செல்லைப் புதுசு என்று தலையில் கட்டிவிட்டார்கள், 64,000 ரூபாய் போச்சு – பேட்டரி சொந்தமாகக் கட்டுகிறவர்கள் படியுங்கள்

24 வோல்ட் சோலார் இன்வெர்ட்டருக்காக 280 ஏஎச் (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) பிரிஸ்மாட்டிக் செல், அதாவது செவ்வகப் பெட்டி வடிவ செல், எட்டு வாங்கினேன், ஒன்று 8,000 ரூபாய். மொத்தம் 64,000, முழுப் பணமும் முன்கூட்டியே. விற்றது ஆன்லைனில் பேட்டரி செல், பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்) விற்கிற ஒரு கடை. பெயர் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது.

நம்ப வைத்தது ஒரு வாட்ஸ்அப் வீடியோ. எட்டு செல்லையும் வரிசையாக வைத்து மல்டிமீட்டரில் 3.29, 3.29, 3.29 என்று காட்டினார்கள். "மேட்ச் பண்ணின செல் சார், புது ஏ கிரேடு, வித்தியாசமே வராது." கூடவே ஒரு டெஸ்ட் ரிப்போர்ட், எல்லாம் 280-க்கு மேல். அதைப் பார்த்துத்தான் பணம் அனுப்பியது.

அந்த வீடியோவுக்கு அஞ்சு பைசா மதிப்பில்லை. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல், சார்ஜ் 40 சதவீதம் இருந்தாலும் 60 சதவீதம் இருந்தாலும், ஓய்வில் ஏறக்குறைய ஒரே வோல்டேஜைத்தான் காட்டும். கொள்ளளவு எவ்வளவு செத்திருக்கிறது என்பதோ அதில் தெரியவே தெரியாது. வித்தியாசம் வெளியே வருவது இரண்டு முனைகளில்தான்: மேலே 3.40 வோல்ட்டைத் தாண்டும்போது, கீழே 3.0-க்கு இறங்கும்போது. விற்கிறவனுக்கு இது நன்றாகத் தெரியும், அதனால்தான் நடுவில் வைத்து வீடியோ எடுக்கிறான்.

பேக் கட்டி முதல் சார்ஜிலேயே மூன்றாம் செல் 3.65-ஐத் தொட்டு பிஎம்எஸ் கட் ஆனது. மற்றவை 3.36-இலேயே நிற்கின்றன. இதை மட்டும் வைத்து செல் மோசம் என்று சொல்ல முடியாது, சார்ஜ் அளவு ஏறுக்குமாறாக இருந்தாலும் இப்படித்தான் ஆகும். அதனால் முதலில் பார்த்தது பஸ்பார், அதாவது செல்களை இணைக்கும் உலோகப் பட்டை. லோடு ஓடும்போது மீட்டர் முனையை செல் டெர்மினலிலும் அதன்மேல் இருக்கும் பஸ்பாரிலும் வைத்துப் பார்க்க வேண்டும். 50 ஆம்பியர் ஓடும்போது இணைப்பில் ஒரு மில்லிஓம் கூடுதல் இருந்தால் 50 மில்லிவோல்ட் விழும். சார்ஜில் உயர்ந்தும் லோடில் தாழ்ந்தும் காட்டி, கரண்ட்டை நிறுத்தியதும் சட்டென்று சமமானால் பெரும்பாலும் நட்டு லூஸ், அல்லது டெர்மினலில் ஆக்சைடு. இங்கே அது இல்லை.

அடுத்து டாப் பேலன்ஸ், அதாவது எல்லா செல்லையும் ஒரே முழு சார்ஜ் நிலைக்குக் கொண்டுவருவது. எட்டையும் பிஎம்எஸ் வழியாகத் தொடரில் சார்ஜ் செய்து, பிறகு பிரித்துப் பக்க இணைப்பில் போட்டு, பவர் சப்ளையை 3.65-க்கு செட் செய்த பிறகே மாட்டி, கரண்ட் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு விழும்வரை விட வேண்டும். (நேரடியாகப் பக்க இணைப்பில் 10 ஆம்பியரில் தொடங்கினால் 2,240 ஏஎச்சில் பாதியை நிரப்பவே 112 மணி நேரம்.) திரும்பத் தொடரில் கட்டி, ஷன்ட் மீட்டர் (வெளியேறும் ஏஎச்சை எண்ணும் மீட்டர்) வைத்து லோடு கொடுத்தால் மூன்றாம் செல் 171 ஏஎச்சிலேயே காலியாகி 2.5 வோல்ட்டுக்கு விழுந்தது. மற்றவை அப்போதும் 3.2-க்குப் பக்கத்தில்.

இங்கேதான் சந்தேகம் தீர்ந்தது. மேலே முதலில் ஏறும் செல் கீழே கடைசியாக இறங்கினால் அது வெறும் பேலன்ஸ் கோளாறு, சரி செய்யலாம். மேலே முந்துகிற அதே செல் கீழேயும் முந்தி விழுந்தால் கொள்ளளவே போய்விட்டது. எந்த பேலன்சரும் அதைத் திருப்பித் தராது. தொடரில் பலவீனமான செல் எவ்வளவோ, பேக்கும் அவ்வளவுதான். 64,000 கொடுத்து வாங்கியது 280, கையில் இருப்பது 171. தனித்தனியாகச் சோதித்ததில் சிறந்த செல்லே 251 தான்.

நீல உறையை உரித்தால் மேல்மூடியில் லேசரில் பொறித்த க்யூஆர் கோடு சுரண்டப்பட்டு, மேலே புது ஸ்டிக்கர். டெர்மினலில் பழைய வெல்டிங்கை அரம் வைத்து ராவிய தடம். ரிப்போர்ட்டில் உள்ள எண்கள் வேறு எந்த செல்லுக்கோ உரியவை.

கடையில் கேட்டால் முதல் பதில், "உங்க மீட்டர் சரியில்ல சார்." அடுத்தது, "பிஎம்எஸ் ப்ராப்ளம்." அப்புறம், "பத்து சைக்கிள் ஓட்டுங்க, தானா பேலன்ஸ் ஆயிடும்" (ஒரு முறை ஏற்றி இறக்குவது ஒரு சைக்கிள்). கணக்குப் போட்டுப் பாருங்கள்: சாதாரண பிஎம்எஸ் 50 மில்லிஆம்பியரில் பேலன்ஸ் செய்கிறது. 5 சதவீத வித்தியாசம் என்றால் 14 ஏஎச், அதற்கு 280 மணி நேரம், அதுவும் 3.40-க்கு மேலே நிற்கும் நேரம் மட்டும்தான் கணக்கு. தினம் அரை மணி என்றால் ஒன்றரை வருஷம். பத்து சைக்கிளாம்! டிஸ்சார்ஜ் கிராஃபை அனுப்பியதும், "பஸ்பார் மாட்டினா வாரண்டி கிடையாது" என்று ஒரு மெசேஜ், பிறகு நம்பர் பிளாக். பஸ்பார் மாட்டாமல் செல்லை ஷோகேஸிலா வைப்பது? 64,000 ரூபாய்!

விரிவாக டிப்ஸ் எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. வோல்டேஜ் வீடியோவை நம்பாதீர்கள். க்யூஆர் கோட்டின் க்ளோசப் படம் கேளுங்கள், ரிப்போர்ட் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். முழுப் பணத்தை முன்கூட்டி அனுப்பாதீர்கள். பெட்டி பிரிப்பதை வீடியோ எடுங்கள். பேக் கட்டும் முன்பே ஒவ்வொரு செல்லையும் 3.65-இலிருந்து 2.5 வரை இறக்கிச் சோதியுங்கள். ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915, பில்லும் சாட்டும் அழிக்காமல் வைத்திருங்கள்.