நாலு மாசம், 73 பார்: கிருஷ்ணகிரி பியானோ வகுப்பு எப்படி இருக்கிறது?

தர்மபுரிச் சுற்றுவட்டாரக் கல்யாணங்களிலும் திருவிழாக் கச்சேரிகளிலும் 16 வருஷமாக கீபோர்டு வாசிக்கிறேன். ஒரு பாட்டை இரண்டு தடவை கேட்டால் கைக்கு வந்துவிடும். நோட்டேஷன் படிக்க மட்டும் தெரியாது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் கிருஷ்ணகிரியில் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் பியானோ வகுப்பில் சேர்ந்தேன். ஞாயிறுதோறும் காரிமங்கலம், காவேரிப்பட்டணம் தாண்டி பஸ்ஸில் போய் வருகிறேன். மாதம் 1,500 ரூபாய்.

நாலு மாசமாக நடந்தது ஒரே உருப்படி. மேற்கத்திய இசையமைப்பாளர் மோசார்ட்டின் சி மேஜர் சொனாட்டா (பல பகுதிகள் கொண்ட வாத்திய உருப்படி), அவர் படைப்புகளின் வரிசையில் கே. 545, அதிலும் முதல் பகுதி மட்டும். மொத்தமே 73 பார், அதாவது 73 தாளக்கட்டு. 1788 ஜூன் 26 என்று தேதி போட்டு, 'ஆரம்பநிலையினருக்கான சிறிய சொனாட்டா' என்று மோசார்ட்டே தன் பட்டியலில் குறித்துவைத்தது இது. அச்சில் வந்தது 1805இல், அவர் இறந்து 14 வருஷம் கழித்து.

முதல் இரண்டு வாரம் இடது கை மட்டும்தான். சி, ஜி, இ, ஜி. நம் கணக்கில் ச ப க ப. ஆல்பர்ட்டி பேஸ் என்பார்கள். மேடையில் நான் மூன்று சுரத்தையும் சேர்த்து ஒரே அடியாக அடிப்பவன். இங்கே அதே கார்டைப் பிரித்து, மேலே போகும் மெட்டை அமுக்காமல், மெத்தென்று வாசிக்க வேண்டும். டீச்சர் பக்கத்தில் நின்றுகொண்டு, "இன்னும் சன்னமா தம்பி" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். விரல் வலித்தது. ஆனால் இப்போது மேடையில் பாடகருக்கு என் வாசிப்பு இடைஞ்சலாக இல்லை என்று குழுவிலேயே சொல்கிறார்கள்.

முதல் பாதி 28 பாரில் ஜி மேஜரில் முடிகிறது. அதை முடித்துவைத்த அதே வாக்கியம் 29இல் ஜி மைனரில் வரும். பி அரைப்படி இறங்குகிறது, அவ்வளவுதான். சங்கராபரணத்தில் இருந்தவன் கௌரிமனோகரிக்குள் வந்துவிட்டேன். ஒரு சுரத்துக்கு இவ்வளவு கனமா என்று அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதே நினைப்பு.

41ஆம் பாரில் டீச்சர் நிறுத்தச் சொன்னார். மேசையில் கிடந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்து மீதி வரிகளை மறைத்தார்.

"மறுபடி முதல் மெட்டு வரப்போவுது. எதுல ஆரம்பிக்கும்?"

"சி தான் டீச்சர். அங்கதானே ஆரம்பிச்சோம்."

பத்திரிகையை நகர்த்தினார். எஃப்!

அந்தக் காலத்து வழக்கப்படி இந்த இடத்தில் மெட்டு சொந்த சுருதிக்குத் திரும்ப வேண்டும். மோசார்ட் மத்யம சுருதியில் தொடங்குகிறார். ஏன் என்று டீச்சர் சொல்லவில்லை, வாசித்துப் பார் என்றார். முதல் பாதியில் மெட்டு சி-யிலிருந்து ஜி-க்குப் போனது; ஐந்து சுரம் மேலே. இப்போது எஃப்-இலிருந்து ஏறக்குறைய அதே வழியில் போனால் வந்து சேருவது சி. வழியில் இடது கைக்கும் ஸ்கேல் (சுரவரிசை) ஓட்டம் கிடைக்கிறது, அதற்காக நான்கு பார் கூடுதல். முதல் பாதியில் ஜி-யில் வந்த இரண்டாம் மெட்டு இப்போது சி-யில் வந்து உட்கார்ந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இதை இந்த மாடியில்தான் எனக்குக் காட்டினார்கள்.

குறைகளும் இருக்கின்றன. கனமான கீ உள்ள பியானோ ஒன்றே ஒன்று, ஆள் ஐந்து பேர். ஒருவருக்கு இருபது நிமிஷம் கிடைத்தால் அதிகம். மீதி நேரம் 61 கீ கீபோர்டுதான். அதில் இடது கையை அடக்கி வாசிப்பது ரொம்பக் கஷ்டம். ஜெராக்ஸ் தாளில் கடைசி வரி பாதி வெட்டுப்பட்டிருந்தது, நானே வேறு பிரதி எடுத்தேன். சினிமாப் பாட்டு சீக்கிரம் வாசிக்க வேண்டும் என்பவர்களுக்கு இந்த வகுப்பு ஒத்துவராது.

சேருகிறவர்கள் காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். அப்போது பியானோ சும்மா இருக்கும். அடுத்த மாதம் இரண்டாம் பகுதி, ஆண்டாண்டே (நிதானமான நடை), ஜி மேஜர், முக்கால் தாளம். முகூர்த்த நாள் இல்லாத ஞாயிறுகளாகப் பார்த்து நான் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டேன்.