முதல் இலக்குத் துப்பாக்கியாக சி.இசட். 457 வார்மிண்ட்

இலக்குச் சுடுதலுக்கென்று முதன்முதலாக ஒரு போல்ட் ரைஃபிள், அதாவது ஒவ்வொரு சுடுதலுக்கும் கையால் போல்ட்டை இயக்கித் தோட்டா ஏற்றும் துப்பாக்கி, வாங்க விரும்புபவர் பெரும்பாலும் தோட்டாவின் அளவிலிருந்தே யோசிக்கத் தொடங்குகிறார். எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு வலுவாக அடிக்கும் என்பவையே முதலில் எழும் கேள்விகள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான ஒரு ரைஃபிளை வாங்கி, ஓராண்டுக் காலம் அதனோடு மல்லுக்கட்டிய பிறகுதான் .22 எல்ஆர் என்னும் சிறிய தோட்டாவுக்கு வந்து சேர்ந்தேன். இப்போது மூன்றாண்டுகளாக நான் பயன்படுத்திவரும் சி.இசட். 457 வார்மிண்ட், ஒருவருடைய முதல் ரைஃபிளாக இருப்பதற்கு எந்த அளவுக்குத் தகுந்தது என்பதையே இங்கே எடைபோடுகிறேன்.

அந்தப் பெரிய ரைஃபிளில் குறையொன்றும் இல்லை; அதை முதலாவதாக வாங்கியதுதான் குறை. .308 தோட்டாவின் குண்டு குழல்வாயை விட்டு ஏறத்தாழ 3,500 ஜூல் ஆற்றலோடு வெளியேறுகிறது, சாதாரண வேக .22 எல்ஆர் குண்டுக்கு இருப்பது சுமார் 140 ஜூல்தான். இந்த இருபத்தைந்து மடங்கு வேறுபாட்டைத் தோள் எப்படியோ பழகிக்கொள்ளும். கண்ணிமையும் விரலும் பழகிக்கொள்வதில்லை. வெடி வரப்போகிறது என்பதை உடல் அறிந்துகொண்டதும், விசை (டிரிகர்) விழுவதற்கு ஒரு கணம் முன்பே தோள் முன்னோக்கித் தள்ளுகிறது, கண் மூடிக்கொள்கிறது. அடுத்து வரும் பின்னுதைப்பு அந்தப் பிழையை முற்றாக மறைத்துவிடுவதால் சுடுபவருக்கு அது தெரிவதே இல்லை. சுடுதளத்தில் மூத்தவர் ஒருவர், எனக்குச் சொல்லாமல், தோட்டாக்களை அடுக்கும் மேகசினில் நல்ல தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத பயிற்சித் தோட்டா ஒன்றைச் செருகி வைத்தார். அதன் முறை வந்தபோது வெடிச் சத்தம் கேட்கவில்லை. ஆனால் குழல்வாய் மட்டும் எல்லோரும் பார்க்கும்படி தலைகுனிந்தது. “துப்பாக்கி ஆடவில்லை தம்பி, நீதான் ஆடுகிறாய்” என்றார். அன்றைக்கு அந்தச் சொல் சுட்டது. ஆனால் அதைவிடப் பயனுள்ள ஆலோசனை எனக்கு அந்த ஆண்டில் வேறு கிடைக்கவில்லை.

.22 எல்ஆர் தோட்டா 1887-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தால் உருவாக்கப்பட்டது. அதிலிருப்பது 5.6 மில்லிமீட்டர் விட்டமும் 2.6 கிராம் எடையும் கொண்ட சிறு ஈயக் குண்டு. ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டி இன்றும் இந்தத் தோட்டாவைக் கொண்டே நடக்கிறது. அந்த இலக்கு அட்டையில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர் மட்டுமே. எனவே இதைச் சிறுவர்களுக்கான தோட்டா என்று ஒதுக்குவது அறியாமை. ஒரு .308 தோட்டாவுக்குக் கொடுக்கும் பணத்தில் பல .22 தோட்டாக்களைச் சுடலாம் என்பதும், 6.5 கிரீட்மோர் போன்ற தோட்டாக்களுக்கான குழல்கள் போட்டித் துல்லியத்தை இரண்டாயிரம் மூவாயிரம் சுடுதல்களில் இழக்கத் தொடங்கும்போது .22 குழல் பல்லாயிரம் சுடுதல்களைத் தாங்கும் என்பதும் முதல் ரைஃபிள் வாங்குபவருக்கு முக்கியமான செய்திகள். கற்பது எண்ணிக்கையால்தான் வருகிறது. எண்ணிக்கையைத் தாங்கும் துப்பாக்கி வேண்டும்.

இனி 457-க்கு வருவோம். செக் நாட்டின் உஹெர்ஸ்கி பிரோட் நகரிலுள்ள ஆலை 452, 455 என்ற வரிசையில் பல ஆண்டுகள் செய்துவந்த சிறுதோட்டா ரைஃபிள்களின் வழித்தோன்றல் இது. 455-இல் போல்ட் கைப்பிடியைத் தொண்ணூறு பாகை உயர்த்த வேண்டியிருந்தது. இதில் அறுபது பாகை போதும். காகிதத்தில் படிக்கும்போது அற்பமாகத் தெரியும் இந்த மாற்றத்தின் அருமை, ஸ்கோப் எனும் குறிநோக்கியைப் பொருத்திய பின் கைவிரல் அதன் கண்முனையில் இடிபடாமல் போல்ட்டை இயக்கும்போது புரிகிறது. பழைய வரிசையில் பலரைக் குழப்பிய, தலைகீழாக இயங்கும் பாதுகாப்புப் பொத்தானும் போய்விட்டது. இப்போது முன்னே தள்ளினால் சுடலாம், பின்னே இழுத்தால் பூட்டிக்கொள்ளும். விசையின் எடையைச் சுடுபவரே திருகாணி மூலம் குறைத்துக்கொள்ளலாம். நான் அதை மிகவும் இலேசாக்கவில்லை. விரல் நுனி தொட்டவுடன் விழும் விசை அனுபவசாலிக்கு வரம். கற்பவருக்கு அது எதையும் கற்பிக்காது. கண்ணாடிச் சில்லு முறிவதுபோல, முன்னறிவிப்பின்றி, ஒரே எடையில் ஒவ்வொரு முறையும் விடுபடுகிறதா என்பதே பார்க்க வேண்டியது. என்னிடமுள்ளது அப்படி விடுபடுகிறது.

வார்மிண்ட் வகையின் தனித்தன்மை அதன் தடித்த குழல். நீளம் அரை மீட்டரைச் சற்றுத் தாண்டும். ஸ்கோப் இல்லாமல் மொத்த எடை மூன்று கிலோவுக்கு மேல். தோளில் மாட்டிக்கொண்டு நடப்பவர்களுக்கு இது சுமை. தரையில் படுத்தோ மேசையில் மணல் பை வைத்தோ சுடுபவருக்கு அந்த எடை நண்பன். நாடித் துடிப்பாலும் மூச்சாலும் வரும் நடுக்கத்தை அது விழுங்கிக்கொள்கிறது. குழலில் இரும்புக் குறிகள் கிடையாது என்பதால் ஸ்கோப் இல்லாமல் இதைக் கொண்டு எதுவும் செய்ய இயலாது. வாங்கும் தொகையில் அதற்கும் சேர்த்தே ஒதுக்க வேண்டும்.

ஆனால் குழலையும் விசையையும்விட, முதல் ரைஃபிளின் நன்மை தீமையைத் தீர்மானிப்பது ஸ்டாக் எனப்படும் கட்டை உங்கள் உடலுக்குப் பொருந்துகிறதா என்பதுதான், விற்பனை மேசையில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை என்றாலும். கடையில் நின்றுகொண்டு தோளில் வைத்துப் பார்ப்பதில் பாதி உண்மைகூடத் தெரியாது. நிற்கும்போது தலை நிமிர்ந்திருக்கும். படுத்துச் சுடும்போது கழுத்து முன்னோக்கி நீண்டு, கண் ஸ்கோப்பை நெருங்கிவிடும். ஆகவே வாங்கும் முன், தோட்டா இல்லாத துப்பாக்கியை, அதாவது போல்ட் திறந்து வெறுமையானது உறுதிசெய்யப்பட்டதை, படுத்த நிலையில் வைத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். கண்களை மூடிக்கொண்டு, கன்னத்தைக் கட்டையின்மேல் அதன் போக்கில் சாயவிட்டு, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். ஸ்கோப்பின் முழு வட்டமும் கறுப்பு நிழலின்றித் தெரிந்தால் கட்டை பொருந்துகிறது. தாடையைத் தூக்கியோ கழுத்தை நீட்டியோ தேட வேண்டியிருந்தால், ஒவ்வொரு முறையும் சற்றே வேறுபட்ட இடத்தில்தான் தேடுவீர்கள்; துளைகளும் அதற்கேற்பவே சிதறும்.

457 வார்மிண்டின் வால்நட் கட்டை அழகானது, கைப்பிடிப்பு நிறைவானது. ஆனால் கன்னம் சாயும் பகுதியின் உயரத்தையோ கட்டையின் நீளத்தையோ மாற்றிக்கொள்ளும் அமைப்பு இந்த வகையில் இல்லை. ஸ்கோப்பின் முன்கண்ணாடி பெரிதாக இருந்து, அதை உயரமாகப் பொருத்த நேர்ந்தால், கன்னம் தொங்கலில் நிற்கும். நான் கட்டையின்மேல் ஓரடுக்கு நுரையை வைத்துத் தோல் பட்டையால் இறுகக் கட்டிக்கொண்டேன். பார்ப்பதற்குக் காயக்கட்டு போட்டதுபோல் இருக்கும். அந்த நாளிலிருந்து என் துளைக்கூட்டம் செங்குத்தாக நீள்வது நின்றது.

தோட்டாவைத் தேர்வதுதான் அடுத்த பெரிய வேலை. வேகமான தோட்டாவே நேரே போகும் என்ற எண்ணம் .22-இல் தலைகீழாகப் பொய்த்துப்போகிறது. சாதாரண வேகத் தோட்டா விநாடிக்கு ஏறத்தாழ 325 மீட்டர் வேகத்தில், ஒலியின் வேகத்துக்குக் கீழேயே கிளம்பி, கீழேயே பயணத்தை முடிக்கிறது. அதிவேக வகை ஒலியின் வேகத்துக்கு மேலே கிளம்பி, வழியில் அந்த எல்லையைக் கடந்து இறங்கும்போது காற்றில் அலைக்கழிக்கப்படுகிறது. எல்லையை ஒட்டிய வேகங்களில் காற்றின் இழுவை கடுமையாக உயர்வதால், பக்கவாட்டுக் காற்று அதிவேகக் குண்டையே கூடுதலாகத் தள்ளுகிறது. மெதுவான குண்டுக்கும் காற்று சலுகை காட்டுவதில்லை: மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, 50 மீட்டருக்குள் அதை ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நகர்த்திவிடும், பத்தாக இருந்திருக்க வேண்டியது ஏழாகிவிடும். முதல் ஆறு மாதம் நான் துப்பாக்கியின் தலையில் போட்ட பழிகளில் பெரும்பகுதி, சுடுதளத்து ஓரத்தில் அசைந்துகொண்டிருந்த துணிக்கொடியின் கணக்கில் சேர வேண்டியது.

ஒவ்வொரு குழலுக்கும் தனித்த நாக்கு உண்டு. ஒரே மாதிரி ரைஃபிள் இரண்டில் ஒன்று விரும்பும் தோட்டாவை மற்றொன்று வெறுக்கும். ஒரே பெயர் கொண்ட தோட்டாவிலும் தயாரிப்புத் தொகுதி மாறினால் முடிவு மாறும். ஜெர்மனியின் ஷோனபெக்கில் தயாராகும் எஸ்கே, லாபுவா ஆகியவற்றிலும், இங்கிலாந்தின் ஈலியிலும், சிசிஐயின் சாதாரண வேக வகையிலும் ஒவ்வொரு பெட்டி வாங்கி, காற்றில்லாத காலை நேரத்தில், மணல் பையின்மேல் ஐந்தைந்தாகப் பலமுறை சுட்டுப் பார்ப்பதே வழி. வகை மாறும்போது முதல் பத்துத் தோட்டாக்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. முந்தைய தோட்டாவின் மெழுகுப் பூச்சு குழலிலிருந்து நீங்கிப் புதியது படிய அவ்வளவு ஆகும். ஒரேயொரு நல்ல கூட்டத்தைக் கண்டு மயங்குவதும் வேண்டாம். ஐந்து துளை தற்செயலாகவும் ஒன்றுகூடும்.

ஸ்கோப் வாங்கும்போது நான் செய்த இரண்டு தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். 457-இன் மேற்புறத்தில் இருப்பது 11 மில்லிமீட்டர் புறாவால் வடிவத் தடம். நான் அகலமான பிகாட்டினி தடத்துக்கான வளையங்களை வாங்கிவந்து ஒரு வாரம் வீணாக்கினேன். இரண்டாவது, பேரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகர்வதாகத் தெரியும் பிழை) 100 மீட்டருக்கு நிலைப்படுத்தப்பட்ட ஸ்கோப்பை 50 மீட்டர் சுடுதலுக்கு எடுத்துக்கொண்டது. தலையைச் சற்று அசைத்தால் இலக்கின்மேல் குறுக்குக்கம்பி நகரும். கன்னம் எங்கே சாய்கிறது என்பதைப் பொறுத்துக் குறி மாறும். 50 மீட்டருக்கும் அதற்குக் கீழும் சரிசெய்யக்கூடிய ஸ்கோப்பே .22-க்கு ஏற்றது. உருப்பெருக்கம் எவ்வளவு என்பது இதற்குப் பிறகுதான்.

மாற்றுத் தேர்வுகளும் உண்டு. பின்லாந்தின் டிக்கா டி1எக்ஸ் எம்டிஆர் பத்துத் தோட்டா மேகசினோடு வருகிறது, 457-க்கு ஐந்துதான். டிக்காவின் அடித்தளம் பெரிய டி3எக்ஸ் ரைஃபிளின் கட்டைகளிலேயே அமர்வதால், பின்னாளில் மேம்படுத்த நினைப்பவருக்கு வழி அகலமானது. ரூகர் பிரிசிஷன் ரிம்ஃபயரில் கட்டையின் நீளமும் கன்ன உயரமும் மாற்றக்கூடியவை. வளரும் வயதினர் உள்ள வீட்டுக்கும், ஒரே ரைஃபிளை இருவர் பகிர்ந்துகொள்ளும் இடத்துக்கும் அதைத்தான் முதலில் சொல்வேன். இடக்கை வழக்கமுள்ளவர்கள் சேவேஜ் மார்க் 2 வரிசையைப் பார்க்கலாம். இடக்கை வகைகளும், எடையை மாற்றக்கூடிய நல்ல விசையும் அதில் உள்ளன. போட்டியில்தான் நாட்டம் என்று ஏற்கெனவே முடிவுசெய்துவிட்டவர் இவை அனைத்தையும் தாண்டி, பழைய ஆன்ஷுட்ஸ் 1907 அல்லது 1913 ஒன்றைக் கைமாற்றாகத் தேடலாம். ஒற்றைத் தோட்டா ரைஃபிள்களான அவற்றில் ஏறத்தாழ எல்லாமே உடலுக்கேற்பத் திருத்தக்கூடியவை. வாங்கும் முன் குழல்வாயின் விளிம்பில் வடு இருக்கிறதா என்று உருப்பெருக்கியால் பார்க்க வேண்டும். குண்டை இறுதியாகத் தொட்டுவிடுவது அந்த விளிம்புதான்.

பராமரிப்பில் போல்ட் ரைஃபிளுக்குள்ள வசதி, போல்ட்டை உருவிவிட்டுப் பின்பக்கத்திலிருந்தே துடைக்க முடிவது. குழல்வாயைக் கம்பி உரசுவதில்லை. வெறுமையாக விசை இழுத்துப் பயிலும்போது, ஊசி தோட்டா அறையின் விளிம்பில் மோதிவிடும் அபாயம் .22 போன்ற, விளிம்பில் வெடிக்கும் தோட்டா வகைகளில் உண்டு என்பதால், கையேட்டைப் படித்து, பயிற்சித் தோட்டாவைப் போட்டுக்கொள்வது நல்லது. குண்டைத் தடுத்து நிறுத்தும் பின்தடுப்பு இல்லாத இடத்தில் சுடவே கூடாது. சிறிய குண்டு என்றாலும் ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பாலும் அது போகும்.

இரண்டு திருகாணிகளைத் தளர்த்தி 457-இன் குழலையே மாற்றி, .17 எச்எம்ஆர், .22 டபிள்யூஎம்ஆர் தோட்டாக்களுக்குப் போகலாம் என்பது விளம்பரங்களில் பெரிதாகச் சொல்லப்படும் சிறப்பு. வாங்கும்போது என்னையும் அது கவர்ந்தது. மூன்றாண்டுகளில் அந்தத் திருகாணிகளை ஒருமுறைகூட நான் தொடவில்லை; .22 குழலில் கற்க வேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறது.