ரம்மி கேஸ் யாருன்னு கத்தாதீங்க, மத்தபடி 4 ஸ்டார்

நானும் என் மச்சினனும் ரெண்டு பேரும் ஒரே க்ளினிக்குக்கு ஒரே பிரச்சனைக்கு போனோம், ஆன்லைன் ரம்மி. திருப்பூர்ல சின்னதா பவர் டேபிள் யூனிட் (பனியன் தைக்கற எடம்) வச்சிருக்கேன், சனிக்கிழமை சம்பளம் போட எடுத்து வச்ச காசையே ஆப்ல போட்டு ஆடுன ஆளு நான். அவன் அப்படி இல்ல, அமைதியான பையன், அவங்கப்பா, அதான் என் மாமனார், தவறுனதுக்கு அப்புறம் தூக்கம் வராம நைட்டு முழுக்க ஆடுவான், 2025 பிப்ரவரில தமிழ்நாட்டுல நைட்டு 12ல இருந்து காலைல 5 வரைக்கும் காசு வச்சு ஆடக்கூடாதுன்னு ரூல் போட்டதும் அஞ்சு மணிக்கு அலாரம் வச்சு எந்திரிச்சு ஆடுனான்னா பாத்துக்கங்க.

இங்க வர்றதுக்கு முன்னாடி அவன வேற ஒரு எடத்துல சேத்துருந்தோம் (பேர் வேண்டாம்). குடிக்கு வந்தவங்களோடயே ஒரு மாசம் உக்கார வச்சு, போன புடுங்கி வச்சுட்டு, தூக்க மாத்திர குடுத்து அனுப்பிட்டாங்க. வெளிய வந்து போன் கைக்கு வந்த அன்னிக்கே ஆடிட்டான்.

இங்க மொத நாளு எவ்ளோ விட்டீங்கன்னு யாருமே கேக்கலங்க. 30 கேள்வி இருக்கற ஒரு ஃபார்ம், யோசிக்காம செஞ்சுருவீங்களா, முன்கூட்டியே பிளான் பண்ணுவீங்களா இந்த மாதிரி. தமிழ் கொஞ்சம் கடாமுடான்னு இருந்துச்சு, ரெண்டு கேள்விக்கு அர்த்தமே புரியல, மாத்துனா நல்லாருக்கும். அப்புறம் சைக்காலஜிஸ்ட் மேடம் ஒரு மணி நேரம் பேசுனாங்க. பிளாஸ்சின்ஸ்கி, நோவர்னு சூத பத்தி ஆராய்ச்சி பண்ற ரெண்டு பேரு 2002லயே சொன்னதாம், சூதுக்கு அடிமையாகறவங்க மூணு வழில வர்றாங்க, ஒண்ணு சும்மா ஆட ஆரம்பிச்சு பழக்கத்துல மாட்டிக்கறவங்க, இன்னொன்னு மனசு வலிய மறக்க ஆடறவங்க, மூணாவது பொறப்புலயே அவசர புத்தி, புத்தி யோசிக்கறதுக்குள்ள கை போயிரும். நான் மூணாவது, மச்சினன் ரெண்டாவது. என் வூட்டுக்காரி பக்கத்துல இருந்துட்டு "இதத்தான் மேடம் கல்யாணம் ஆனதுல இருந்து நான் சொல்றேன்"னுச்சு.

அதனால ட்ரீட்மென்ட்டும் வேற வேற. அவனுக்கு மொதல்ல மனச்சோர்வுக்கு மாத்திர, தூக்கத்த சரி பண்றது, அப்பாவ பத்தி பேச வைக்கறது, ரம்மிய பத்தி மூணாவது வாரந்தான் பேச்சே எடுத்தாங்க. எனக்கு அட்வைஸ் எல்லாம் வேலைக்கே ஆகாதுன்னு மேடமே சொல்லிட்டாங்க, காசு கைக்கு எட்டாத மாதிரி வைக்கணுமாம். யூபிஐ, ஏடிஎம் கார்டு எல்லாம் இப்ப வூட்டுக்காரி கிட்ட, செலவுக்கு டெய்லி 200 ரூவா. ஆடணும்னு தோணுச்சுன்னா 20 நிமிஷம் தள்ளி போடணும், அந்த நேரத்துல யூனிட்ல பீஸ் எண்ணுவேன். ஒரு கார்டுல போச்சேன்னு நெனப்போம்ல, அந்த "ஜஸ்ட் மிஸ்" தான் நம்மள திரும்ப திரும்ப இழுக்குதாம், மூளைக்கு அது தோத்த மாதிரி இல்லாம ஜெயிக்கப்போற மாதிரி இருக்குமாம். இது தெரிஞ்சப்பறம் எனக்கே சிரிப்பு வந்துருச்சு.

சூதுக்குன்னு தனியா மாத்திரயே கெடையாதுன்னு டாக்டர் நேரா சொல்லிட்டாரு, குடிக்கு குடுக்கற நால்ட்ரெக்ஸோன செல பேருக்கு குடுப்பாங்களாம், எனக்கு இப்போதைக்கு வேண்டாம்னுட்டாரு. இன்னொன்னும் சொன்னாரு, முன்னாடி இந்த வியாதிய திருட்டு வியாதி, தீ வைக்கற வியாதியோட சேத்துதான் மனநல வியாதிய வகை பிரிக்கற அமெரிக்கா டாக்டருங்க புக்குல வச்சிருந்தாங்களாம், 2013ல தான் குடி, போதை பக்கத்துக்கு மாத்துனாங்களாம். எங்க ஊர்ல இன்னும் திமிருன்னு தான் வச்சிருக்காங்க.

2025 ஆகஸ்ட்ல சென்ட்ரல் சட்டம் வந்து ஆப்பெல்லாம் காசு ஆட்டத்த நிறுத்துனதும் அப்பாடான்னு இருந்தோம், ஒரே வாரத்துல டெலிகிராம்ல வெளிநாட்டு பெட்டிங் லிங்க் வந்துருச்சு, நான் ஒரு தடவ விழுந்தேன். பயந்துட்டே சொன்னேன், மேடம் திட்டல, எத்தன மணிக்கு, எங்க இருந்தீங்க, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு நோட்டுல எழுத சொன்னாங்க. ஆர்டர் குடுத்த பார்ட்டி கிட்ட இருந்து பேமென்ட் வந்த நாள் அது. இப்ப பேமென்ட் எல்லாம் வூட்டுக்காரி அக்கவுண்ட்டுக்கு.

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா, 11 மணி அப்பாயின்ட்மென்ட்டுக்கு 1.15க்கு தான் கூப்டாங்க, அதுவும் ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு ஹால் முழுக்க கேக்கற மாதிரி "ரம்மி கேஸ் யாருங்க"ன்னு. மச்சினன் எந்திரிச்சு வெளிய போயிட்டான், டீ வாங்கி குடுத்து "வா மாப்ள, நானும் அதே கேஸ் தான்"னு சொல்லி கூட்டிட்டு வந்தேன். டோக்கன் நம்பர் சொல்லி கூப்டா போதும்ங்க.

பார்க்கிங் கெடையாது, பஸ்ல போங்க. வூட்டுல இருந்து ஒருத்தர கண்டிப்பா கூட்டிட்டு போங்க, ஆனா ஃபார்ம் எழுதறப்ப அவங்கள பக்கத்துல உக்கார வைக்காதீங்க.