விடுபட்ட பதக்கம்: ரெக்கார்ட் ஆபீஸா, ஆர்.டி.ஐ.யா, தீர்ப்பாயமா?

மதுரையில் கேன்டீன் வரிசையில் நிற்கிற முன்னாள் ராணுவத்தாரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பென்ஷன் கதை முடிந்ததும் பதக்கக் கதை ஆரம்பிக்கும். "டிஸ்சார்ஜ் புக்ல அந்த மெடலை ஏத்தவே இல்லப்பா" என்பார் ஒருவர்; படையை விட்டு வரும்போது கொடுக்கிற சேவைப் புத்தகத்தைத்தான் சொல்கிறார். உடனே பக்கத்தில் நிற்பவர்கள் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். வெலிங்டன் ரெக்கார்ட் ஆபீசுக்கு நேராக எழுது என்பார் ஒருவர். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுக் கொடு என்பார் இன்னொருவர். ஆர்.டி.ஐ. போடு, சென்னையில் கேஸ் போடு என்று மீதிப்பேர். நான் யூனிட் ஆபீசில் கிளார்க்காக இருந்து வந்தவன் என்பதால் இந்தப் பஞ்சாயத்து என் வீட்டுத் திண்ணைக்கும் வரும். இந்த வழிகள் எல்லாம் ஒரே இடத்துக்குப் போகிறவை அல்ல என்பதுதான் நான் முதலில் சொல்வது. ஒன்று தகவல் தரும், ஒன்று திருத்தம் தரும், ஒன்று தபாலைத் தள்ளிவிடும், ஒன்று உத்தரவு போடும். எது எதைத் தரும் என்று தெரியாமல் இறங்குகிறவர்கள்தான் வருஷக்கணக்கில் அலைகிறார்கள்.

முதலில், விடுபட்டது எது?

பதக்கம் விடுபட்டதில் மூன்று தினுசு உண்டு. ரெக்கார்ட்ஸில், அதாவது சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கிற ரெக்கார்ட் ஆபீசில், ஏறியிருக்கிறது, டிஸ்சார்ஜ் புக்கில் எழுத விட்டுப்போயிற்று என்பது ஒன்று. ரெக்கார்ட்ஸில் இருக்கிறது, பதக்கம்தான் கைக்கு வரவில்லை என்பது இரண்டாவது. ரெக்கார்ட்ஸிலேயே ஏறவில்லை என்பது மூன்றாவது. முதல் இரண்டும் பெரும்பாலும் ஒரு கடிதத்தில் முடிகிற வேலை. மூன்றாவதுதான் ஆளைப் படுத்தும்.

ஏன் ஏறாமல் போகிறது? கல்யாணம், பிள்ளை பிறப்பு, புரமோஷன், ஆஸ்பத்திரி என்று ஒரு சிப்பாயின் வாழ்க்கையில் எது நடந்தாலும், யூனிட் வெளியிடுகிற பார்ட் டூ ஆர்டரில் வந்தால்தான் அது நடந்ததாகக் கணக்கு. பதக்கமும் அப்படித்தான். ஒருவர் 1999இல் கார்கில் பக்கம் நின்றிருப்பார். ஆர்டர் வெளியாவதற்குள் வேறு யூனிட்டுக்குப் போஸ்டிங் ஆகியிருப்பார், அல்லது காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்திருப்பார். பழைய யூனிட் புது யூனிட் எழுதும் என்று விட்டுவிடும், புது யூனிட்டுக்கு விஷயமே தெரியாது. இன்னொன்று, போர்ப் பதக்கங்கள் சண்டை முடிந்த பிறகுதான் அறிவிக்கப்படும். தகுதிப் பட்டியல் தயாராகி, பதக்கம் அடித்து வருவதற்குள் ஆள் ஊருக்கு வந்து மாடு வாங்கிக் கட்டியிருப்பார்.

உங்கள் கதை எந்தத் தினுசு என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. பெட்டியில் கிடக்கிற பதக்கத்தின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். சர்க்கார் கொடுத்ததானால் நம்பரும் ரேங்கும் பெயரும் விளிம்பில் பொறித்திருக்கும். கடையில் வாங்கிக் குத்தியதானால் மொழுமொழுவென்று இருக்கும். பரேடுக்கு நேரமாகிவிட்டது, பதக்கம் வரவில்லை என்று கடையில் வாங்கிக் குத்திக்கொள்வது ராணுவத்தில் எல்லாரும் அறிந்த சங்கதி. விளிம்பு மொழுமொழுவென்றிருந்தால் உங்களுடையது இரண்டாவது தினுசாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பெயர் ஏறியிருக்கும், பொருள்தான் வந்திருக்காது.

நேரடி மனுவும் நல அலுவலகமும்

திருத்துகிற அதிகாரம் ரெக்கார்ட் ஆபீசுக்குத்தான். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்காரருக்கு அது நீலகிரி வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற எம்.இ.ஜி.க்கு பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இயந்திரப் பழுதுபார்ப்புப் பிரிவான இ.எம்.இ.க்கு செகந்திராபாத். விமானப்படைக்கு டெல்லி சுப்ரதோ பார்க், கடற்படை மாலுமிகளுக்கு மும்பை மான்குர்த். ராணுவத்திலிருந்து வந்து, ராணுவ நிலையங்களைக் காவல் காக்கிற டி.எஸ்.சி.யில் மறுபடி சேர்ந்தவர்கள் கவனிக்க வேண்டும். இரண்டாவது சர்வீஸ் கண்ணூர் ரெக்கார்ட்ஸில் இருக்கும். முதல் சர்வீசில் வாங்கிய பதக்கத்தைக் கண்ணூரில் கேட்டால், பழைய ரெஜிமெண்டைக் கேள் என்று பதில் வரும்.

நேரடி மனுவின் பலம், நடுவில் ஆள் கிடையாது என்பது. பலவீனம், மனு எழுதுகிற விதம். "தேசத்துக்காக உழைத்தேன், என் பதக்கத்தைக் கொடுங்கள்" என்று உருக்கமாக எழுதினால் அந்தப் பக்கத்து கிளார்க்குக்கு அதில் செய்ய வேலை இல்லை. சர்வீஸ் நம்பர், ரேங்க், எந்தப் பதக்கம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எந்த யூனிட்டில் எந்த இடத்தில் இருந்தீர்கள், அதற்கு என்ன ஆதாரம் என்று ஒரு பக்கத்தில் முடியுங்கள். டிஸ்சார்ஜ் புக் அசலை அவர்கள் கேட்காமல் அனுப்பாதீர்கள். கேட்டால், எல்லாப் பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு, ரசீது கிடைக்கிற தபாலில் அனுப்புங்கள்.

அதே மனுவை மதுரை முன்னாள் படைவீரர் நல உதவி இயக்குநர் அலுவலகம் வழியாகவும் அனுப்பலாம். அவர்களால் திருத்த முடியாது, பரிந்துரைத்து அனுப்ப முடியும். அரசு முத்திரையோடு போகிற கடிதத்துக்குப் பதில் வரும் என்பது ஒரு லாபம். ஆங்கிலத்தில் எழுதத் தடுமாறுகிறவருக்கு அங்கே கைகொடுக்க ஆள் இருப்பது இன்னொரு லாபம். நஷ்டம் என்றால் காலதாமதம். அங்கே ஒரு மேசை, இங்கே ஒரு மேசை. என்னைக் கேட்டால், ஊரில் இருந்துகொண்டு சுயமாக எழுத முடிந்தவர் நேரடியாக அனுப்பிவிட்டு நகலை அங்கே கொடுத்து வைக்கலாம். கணவரை இழந்த அம்மாமார்களுக்கு மட்டும் நல அலுவலகம் வழியாகப் போவதுதான் நல்லது. அடையாளச் சான்று, வாரிசு விவரம் எல்லாம் அங்கேதான் ஒழுங்காகக் கோர்க்கப்படும்.

கலெக்டரிடம் திங்கட்கிழமை கொடுக்கிற மனுவும் சுற்றி இதே அலுவலகத்துக்குத்தான் வரும். பட்டாவுக்கு அந்த வரிசை சரி, பதக்கத்துக்கு வீண்.

நேரில் போவது? மெட்ராஸ் ரெஜிமெண்டுக்காரர் என்றால் கோவை, மேட்டுப்பாளையம், குன்னூர் என்று பஸ் மாறி வெலிங்டன் போய்விடலாம். நேரில் போனவருக்கு உட்காரச் சொல்லி, டீ கொடுத்து, கோப்பைத் தேடிப் பார்த்துச் சொல்கிற மரியாதை அந்த ரெஜிமெண்டில் உண்டு. நாசிக்குக்கும் ஜபல்பூருக்கும் அதற்காக ரயில் ஏறச் சொல்ல மாட்டேன்.

ஆர்.டி.ஐ.: நான் முதலில் கைவைப்பது இதில்தான்

தகவல் உரிமைச் சட்டம், 2005. கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். ரெக்கார்ட் ஆபீஸ் மத்திய அரசைச் சேர்ந்தது என்பதால் போஸ்டல் ஆர்டர் வைக்க வேண்டும், அல்லது மத்திய அரசின் ஆர்.டி.ஐ. இணையதளத்தில் கட்ட வேண்டும். தாலுகா ஆபீஸ் பழக்கத்தில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பித் திரும்பி வந்த கவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆர்.டி.ஐ. எதையும் திருத்தாது. அதைத் தெரிந்துகொண்டுதான் போட வேண்டும். "எனக்கு ஏன் மெடல் தரவில்லை?" என்று கேட்டால், ஏன் என்ற கேள்விக்கு விளக்கம் தரக் கடமையில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். கேட்க வேண்டியது ஆவணத்தை. என் ஷீட் ரோலில் (சர்வீஸ் விவரத் தாளில்) பதிவாகியுள்ள பதக்கங்கள் எவை, ஒவ்வொன்றின் பார்ட் டூ ஆர்டர் எண்ணும் தேதியும் என்ன, அவற்றில் எவை எந்தத் தேதியில் எந்த முகவரிக்கு அனுப்பப்பட்டன, இந்த வருஷம் முதல் இந்த வருஷம் வரை நான் எந்தெந்த யூனிட்டில் இருந்ததாகப் பதிவு, சம்பந்தப்பட்ட பக்கங்களின் நகல். இவ்வளவுதான். பதில் வராவிட்டாலும், அரைகுறையாக வந்தாலும் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

பதில் கைக்கு வந்ததும் உங்கள் கதை எந்தத் தினுசு என்று கறுப்பு வெள்ளையில் தெரிந்துவிடும். பேரையூர்ப் பக்கத்து ஹவில்தார் ஒருவர், வயதில் மூத்தவர், என்னிடம் கோபமாகவே வந்தார். "தம்பி, நான் பனியில நின்னது பொய்யா?" என்றார். "பொய்யில்லண்ணே, எங்க நின்னீங்கன்னு அவன் பேப்பர் என்ன சொல்லுதுன்னு பாத்துருவோம்" என்றேன். வந்த நகலில் அந்த மலை யூனிட்டில் இருந்த தேதிகள் அப்படியே இருந்தன. பதக்கத்துக்கான பார்ட் டூ மட்டும் இல்லை. அவருடைய மனுவுக்கு அதைவிட நல்ல ஆதாரம் வேறு எங்கே தேடுவது? ரெக்கார்ட் ஆபீஸ் தன் காகிதத்தையே மறுக்க முடியாதே.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் சர்வீஸ் ஆவணங்களை 25 வருஷம் கழித்து அழித்துவிடுவது விதி. ஆட்களின் சுருக்க விவரப் பதிவேடான லாங் ரோல் மட்டும் நிரந்தரமாக இருக்கும். 1965இலும் 1971இலும் இருந்துவிட்டுச் சில வருஷத்தில் வந்துவிட்டவர்களுக்கு, "ஆவணம் அழிக்கப்பட்டது" என்று பதில் வரலாம். அப்போது வீட்டுப் பெட்டிதான் ரெக்கார்ட் ஆபீஸ். பழைய பே புக், லீவு சர்டிபிகேட், 56 ஏ.பி.ஓ., 99 ஏ.பி.ஓ. என்று ராணுவத் தபால் முத்திரை விழுந்த கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு என எல்லாம் வேண்டும். காயப் பதக்கம் கேட்பவர் எதிரியின் தாக்குதலில் நேரடியாகக் காயம்பட்டதைக் காட்ட வேண்டும். அன்றைய காய அறிக்கையின் நகல் இருந்தால் விட்டுவிடாதீர்கள். போர்க்கால ஊன ஓய்வூதியம் கேட்கிற நிலை வந்தாலும் அதே காகிதம்தான் பேசும்.

சில பதக்கங்களுக்கு இவ்வளவு தேடலே வேண்டாம். சுதந்திர வெள்ளிவிழாப் பதக்கத்துக்கும் பொன்விழாப் பதக்கத்துக்கும் 1972 ஆகஸ்ட் 15, 1997 ஆகஸ்ட் 15 ஆகிய நாட்களில் சர்வீசில் இருந்தாலே போதும். 9 வருஷம், 20 வருஷம், 30 வருஷம் நீண்ட சேவைப் பதக்கங்களுக்குச் சர்வீசில் சேர்ந்த தேதியும் வெளியே வந்த தேதியுமே சாட்சி. இரண்டும் டிஸ்சார்ஜ் புக்கிலேயே இருக்கும்.

இணையப் புகார்

மத்திய அரசின் சி.பி.கிராம்ஸ் தளத்தில் புகார் போடலாம். செலவில்லை. 21 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று 2024இல் வழிகாட்டுதல் வந்திருக்கிறது. முடிக்க வேண்டும் என்பதற்காகவே "உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது" என்று எழுதி மூடுவதும் நடக்கிறது. முதல் ஆயுதமாக இது உதவாது. மனு அனுப்பி மாதக்கணக்கில் பதிலே இல்லை என்கிற நிலையில் தார்க்குச்சியாகப் பயன்படும். மனுவின் நகலையும் தபால் ரசீதையும் இணைத்துப் போடுங்கள்.

தீர்ப்பாயம்

2007ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்தது ஆயுதப்படைத் தீர்ப்பாயம். நமக்குச் சென்னை அமர்வு. மேலூர் ரோட்டில் ஹைகோர்ட் பெஞ்ச் இருக்கும்போது சென்னைக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்பார்கள். சர்வீஸ் விவகாரம் முதலில் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். அதன் தீர்ப்பு சரியில்லை என்றால் ஹைகோர்ட்டுக்குப் போகலாம் என்பதை 2023இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது.

தீர்ப்பாயம் ஒன்றுதான் ரெக்கார்ட் ஆபீசுக்கு உத்தரவே போட முடியும். ஆனால் வெறுங்கையோடு போக முடியாது. முதலில் மனுக் கொடுத்திருக்க வேண்டும். நிராகரித்தால் அந்த உத்தரவு வந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். பதிலே இல்லையென்றால் மனுக் கொடுத்து 6 மாதம் காத்திருந்து, அதற்கடுத்த 6 மாதத்துக்குள் போக வேண்டும். தாமதத்தை மன்னிக்கச் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் காரணம் காட்ட வேண்டும். வக்கீல் செலவையும் சென்னைப் பயணத்தையும் கூட்டிப் பார்த்தால், பணம் ஒட்டியிருக்கிற விவகாரத்துக்குத்தான் இது கட்டுப்படியாகும்.

பணம் ஒட்டியது எது? வீரதீர விருதுகள். வீர் சக்ராவுக்கு மாதம் 7,000 ரூபாய், வீரத்துக்கான சேனா பதக்கத்துக்கு 2,000 என்று 2017 ஆகஸ்ட் முதல் கொடுக்கிறார்கள்; மாநில அரசின் உதவி தனி. இவை கெஜட்டில் வெளியாவதால் விருதே விடுபடுவது அபூர்வம். பென்ஷன் ஆணையில் அந்தத் தொகையைச் சேர்க்காமல் விடுவதுதான் நடக்கும். கெஜட் நகலோடு ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதினாலே தீர வேண்டும். தீரவில்லை என்றால் தாராளமாக வழக்குப் போடலாம். 1971 போருக்கான சங்ராம் மெடலுக்கும் உயர்மலைச் சேவைக்கான ஹை ஆல்டிட்யூட் மெடலுக்கும் காசு கிடையாது. கௌரவம் பெரிதுதான், ஆனால் நிலத்தை அடகு வைத்து அதற்காகக் கேஸ் நடத்துவதை நான் தடுத்துவிடுவேன்.

"வெலிங்டன்ல ஆள் இருக்கு, முடிச்சுத் தர்றேன்" என்று பணம் கேட்கிற ஏஜெண்டுகளை இந்த வரிசையில் நான் சேர்க்கவே இல்லை. அவர்கள் செய்வதும் அதே மனுதான்.

எனக்குப் பிடித்த வரிசை இது: ஆர்.டி.ஐ., அதன் பதிலை இணைத்து நேரடி மனு, நகல் நல அலுவலகத்துக்கு, அசைவில்லை என்றால் இணையப் புகார், மறுத்து எழுதினால் மட்டும் வக்கீல். ஆர்.டி.ஐ. போடும் முன்பே பெயரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் இனிஷியலோடு எழுதுகிற பெயரை ராணுவத்தில் அப்பா பெயரை விரித்து எழுதியிருப்பார்கள், ஆதாரில் இன்னொரு மாதிரி இருக்கும். டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கிற அதே எழுத்துக்கூட்டலில், சர்வீஸ் நம்பரோடு மனுவை எழுதுங்கள். ஆதார்ப் பெயரில் எழுதி, ஆள் யார் என்றே தெரியவில்லை என்று திரும்பி வந்தால், பதக்கத்துக்கு முன்னால் பெயர்த் திருத்தம் என்று இன்னொரு கோப்பு தொடங்கிவிடும்.