வேர்ல்ட் வேல்யூஸ் சர்வே இணையதளம்: தலைமுறை வாரியாக அரசியல் கருத்தை அளக்க எவ்வளவு உதவும்?

இளைஞர்கள் சோசலிசத்தின் பக்கம் சாய்கிறார்கள், பெரியவர்கள் முதலாளித்துவத்தை விட மறுக்கிறார்கள் என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் அமெரிக்க எண்களைத்தான் கையில் எடுக்கிறார்கள். பியூ ஆய்வு மையம் என்ற அமெரிக்கக் கருத்துக்கணிப்பு அமைப்பு 2022 ஆகஸ்டில் எடுத்த கணிப்பில், முதலாளித்துவத்தை நல்லவிதமாகப் பார்ப்பவர்கள் 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 73 சதவீதம். 18–29 வயதில் 40 சதவீதம். எண்ணில் தவறில்லை. ஆனால் ஒரே ஆண்டில் எடுத்த இந்தக் கணிப்பை வைத்துக்கொண்டு தலைமுறையே மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. இன்றைய 22 வயதுக்காரர் 60 வயதில் என்ன நினைப்பார் என்பது அதில் இல்லை. அதைப் பார்க்க, ஒரே கேள்வியைப் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்ட தரவு வேண்டும். அது காசில்லாமல், பல நாடுகளுக்கும் சேர்த்துக் கிடைக்கும் இடங்கள் குறைவு. அவற்றில் முக்கியமானது வேர்ல்ட் வேல்யூஸ் சர்வே இணையதளம்.

பல நாட்டு மக்களின் மதிப்பீடுகளையும் நம்பிக்கைகளையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, சுற்று சுற்றாகக் கேட்டறியும் இந்த ஆய்வு, ரொனால்ட் இங்கிள்ஹார்ட் என்ற அமெரிக்க அரசியல் அறிஞரின் முயற்சியில் 1981இல் தொடங்கியது. ஏழாவது சுற்று 2017 முதல் 2022 வரை நடந்தது. அந்தச் சுற்றில் ஒரு நாட்டுக்குக் குறைந்தது 1,200 பேர் என்பது விதி. அமெரிக்காவில் 2017இல் எடுத்த மாதிரி 2,596 பேர். இந்தியாவில் 1990, 1995, 2001, 2006, 2012 ஆகிய ஆண்டுகளில் எடுத்த தரவு இருக்கிறது. 1991 தாராளமயத்துக்கு ஒரு வருடம் முன்னால் ஒரு கணிப்பும், நான்கு வருடம் கழித்து இன்னொன்றும் இருப்பதே இந்தியாவைப் பற்றி எழுதுபவர்களுக்குப் பெரிய கொடுப்பினை.

இந்த ஆய்வின் தனிச்சிறப்பு, பொருளாதாரக் கேள்விகளில் ‘முதலாளித்துவம்’, ‘சோசலிசம்’ என்ற பெயர்களையே எடுக்காமல் விஷயத்தை நேராகக் கேட்பது. பெயரைச் சொல்லிக் கேட்டால் ஆளுக்கொரு பொருள் எடுத்துக்கொள்வார்கள். சோசலிசம் என்றால் என்ன என்று கேலப் என்ற அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனம் 1949இல் கேட்டபோது 34 சதவீத அமெரிக்கர்கள் அரசு உடைமை சம்பந்தமான பதிலைச் சொன்னார்கள். 2018இல் அது 17 சதவீதம். தாத்தாவும் பேத்தியும் ஒரே வார்த்தைக்கு எதிரெதிராக மதிப்பெண் போடும்போது இருவரும் ஒரே விஷயத்தைத்தான் மதிப்பிடுகிறார்களா என்பதே சந்தேகம். இங்கே அந்தத் தொல்லை குறைவு. ஏழாவது சுற்றில் கியூ106 முதல் கியூ110 வரை ஐந்து கேள்விகள். ஒவ்வொன்றிலும் இரண்டு எதிரெதிர் வாசகங்கள், நடுவே 1 முதல் 10 வரை அளவுகோல். வருமானம் சமமாக வேண்டுமா, தனிமனித உழைப்புக்கு ஊக்கம் கூட வேண்டுமா என்பது 106. தொழில்களில் தனியார் உடைமை பெருக வேண்டுமா, அரசு உடைமையா என்பது 107. எல்லோருக்கும் வாழ வழி செய்வது அரசின் பொறுப்பா, அவரவர் பொறுப்பா என்பது 108. போட்டி நல்லதா கெட்டதா என்பது 109. உழைத்தால் முன்னேறலாமா, அதிர்ஷ்டமும் ஆள் பழக்கமும்தான் வேண்டுமா என்பது 110. ஒருவர் அரசு உதவி கூட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போட்டியையும் ஆதரிக்கலாம். ஒற்றை வார்த்தைக் கணிப்பில் இந்த ஆள் கண்ணுக்கே தெரியமாட்டார்.

பயன்படுத்துவது எளிது. ஆன்லைன் அனாலிசிஸ் பகுதிக்குப் போய் சுற்றைத் தேர்ந்தெடுங்கள். பிறகு நாடு, பிறகு கேள்வி. அட்டவணை வந்ததும் குறுக்கு மாறியாக (பதில்களைப் பிரித்துப் பார்க்கும் அடிப்படையாக) வயதைச் சேர்த்தால் 29 வரை, 30–49, 50க்கு மேல் என்று மூன்றாகப் பிரித்துத் தரும். சராசரியும் எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதும் கீழே இருக்கும். முதல் பார்வைக்கு இது தாராளம். கணினியில் பார்ப்பது நல்லது; பத்து வரிசை அட்டவணை கைபேசித் திரைக்குள் அடங்காது.

தவறு நடக்கும் முதல் இடம் அளவுகோலின் திசை. 106இலும் 108இலும் 1 என்பது இடதுசாரிப் பக்கம்: வருமானச் சமத்துவம், அரசின் பொறுப்பு. 107இலும் 109இலும் அதே 1 வலதுசாரிப் பக்கம்: தனியார் உடைமை, போட்டி நல்லது. நான்கையும் அப்படியே கூட்டிச் சராசரி எடுத்தால் ஒன்றை ஒன்று அடித்துவிட்டு எல்லா வயதினரும் நடுநிலையில் நிற்பதாகத் தெரியும். கூட்டுவதற்கு முன் இரண்டைத் திருப்ப வேண்டும்: 11இலிருந்து கழித்தால் போதும். இன்னொன்று, 106இன் இரண்டாம் வாசகம் ஆறாவது சுற்றில் ‘வருமான வித்தியாசம் பெரிதாக வேண்டும்’ என்ற தொனியில் இருந்தது. ஏழாவதில் ‘ஊக்கம் கூட வேண்டும்’ என்று மென்மையாகிவிட்டது. இந்த ஒரு கேள்வியில் 2012க்கும் 2017க்கும் இடையே ஏதாவது தாவல் தெரிந்தால் அதைத் தலைமுறையின் கணக்கில் எழுதாதீர்கள். காலப்போக்கைப் பார்க்க 107தான் நம்பகமானது.

அந்த மூன்று வயதுப் பெட்டிகளை வைத்துத் தலைமுறை ஆராய்ச்சி செய்ய முடியாது. 1990இல் ‘29 வரை’ பெட்டியில் இருந்தவர் 2012இல் 50ஐத் தாண்டியிருக்கலாம், தாண்டாமலும் இருக்கலாம். அதனால் 1981–2022 காலத்தொடர்க் கோப்பைப் பதிவிறக்குவதே சரியான வழி. பெயர், நிறுவனம், எதற்காக என்ற சிறு படிவத்தை நிரப்பினால் எஸ்.பி.எஸ்.எஸ்., ஸ்டாட்டா, ஆர் ஆகிய புள்ளியியல் மென்பொருள்களுக்கோ, சி.எஸ்.வி. என்ற வெறும் உரைக் கோப்பாகவோ வேண்டிய வடிவில் கிடைக்கும். பெரிய கோப்பு என்பதால் எக்செல் திணறும்; ஆர் தெரிந்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. தேவையான நெடுவரிசைகள் ஐந்துதான்: நாடு எஸ்003 (இந்தியா 356, அமெரிக்கா 840), கணிப்பு ஆண்டு எஸ்020, பிறந்த ஆண்டு எக்ஸ்002, எடை (மாதிரியை மக்கள்தொகையோடு ஒத்துப்போகச் செய்யும் திருத்த எண்) எஸ்017, உடைமைக் கேள்வி (மேலே சொன்ன 107; இந்தக் கோப்பில் பெயர் வேறு) ஈ036. இந்த உடைமைக் கேள்வி 1990களின் சுற்றிலிருந்துதான் வருகிறது. 1981இல் தேடிப் பயனில்லை.

திறந்ததும் முதல் வேலை, எதிர்மறை எண்களை நீக்குவது. தெரியாது என்றவருக்கு –1, பதில் சொல்லாதவருக்கு –2, கேள்வியே கேட்கப்படாதவருக்கு –4 என்று குறித்திருப்பார்கள். சி.எஸ்.வி. கோப்பில் இவை சாதாரண எண்களாகவே உட்கார்ந்திருக்கும். பத்துப் பேரில் ஒன்பது பேர் 6 என்று சொல்லி ஒருவர் தெரியாது என்றிருந்தால் சரியான சராசரி 6. நீக்க மறந்தால் 5.3. எந்த வயதில் ‘தெரியாது’ அதிகமோ அந்த வயது மட்டும் தனியார் பக்கம் சாய்ந்ததாகத் தெரியும். தலைமுறை வித்தியாசம் என்று தோன்றுவது உண்மையில் கணக்குப் பிழையாக இருக்கும்.

அடுத்து, பிறந்த ஆண்டை வைத்துக் குழு பிரிப்பது. பூமர், மில்லேனியல் என்ற அமெரிக்கத் தலைமுறைப் பெயர்களை இந்தியாவுக்கு இறக்குமதி செய்ய வேண்டாம். இங்கே நியாயமான கோடு 1972: அதுவரை பிறந்தவர்களுக்கு 1990க்குள் 18 வயது நிரம்பிவிட்டது, தொழில் தொடங்க எதற்கும் அரசு உரிமம் வேண்டியிருந்த லைசென்ஸ் ராஜ் காலத்திலேயே பெரியவர்களானவர்கள். ஜெர்மனியில் கிழக்கா (1990 வரை தனி சோசலிச நாடு) மேற்கா என்பதையும் சேர்க்காமல் பிறந்த ஆண்டு அர்த்தப்படாது. அல்பெர்ட்டோ அலெசினாவும் நிக்கோலா ஃபுக்ஸ்-ஷுன்டெல்னும் வேறொரு ஜெர்மன் தரவை வைத்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, கிழக்கு ஜெர்மானியர்கள் அரசின் பங்கை அதிகம் விரும்புகிறார்கள் என்றும், இரு பக்கமும் ஒன்றுபோல் ஆக ஓரிரு தலைமுறை, அதாவது 20 முதல் 40 வருடம், ஆகும் என்றும் மதிப்பிட்டது.

அட்டவணையில் வரிசைக்குக் கணிப்பு ஆண்டு, நெடுவரிசைக்குப் பிறந்த ஆண்டுக் குழு. ஒரு நெடுவரிசையை மேலிருந்து கீழே படித்தால் அதே தலைமுறை வயதாகிக்கொண்டு போவது தெரியும். நெடுவரிசைகள் தம்முள் விலகி, ஒவ்வொன்றும் தன் இடத்திலேயே நின்றால் அதுதான் தலைமுறை வித்தியாசம். எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் நகர்ந்தால் அது காலத்தின் பாதிப்பு. சாய்வாகப் படிக்கும்போது அந்தந்த வயதுக்கு எப்போதும் அதே எண் வந்தால் அது வயதின் குணம். மூன்றையும் முழுக்கப் பிரிக்க எந்தக் கணிதத்தாலும் முடியாது, ஏனென்றால் கணிப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வயது. இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாக வந்துவிடும். பியூ மையமே 2023இல், ஒவ்வொரு தலைமுறையையும் அதே வயதுக் கட்டத்தில் ஒப்பிடப் பழைய தரவு இருந்தால்தான் இனித் தலைமுறை ஒப்பீடு செய்வோம் என்று அறிவித்தது. நல்ல முடிவு. மற்றவர்களும் பின்பற்ற வேண்டும்.

குறைகளும் உண்டு. ஆரம்பச் சுற்றுகளில் இந்தியா, சீனா, நைஜீரியா போன்ற நாடுகளில் நகரத்தாரும் படித்தவர்களும் அளவுக்கு மேல் இடம்பெற்றார்கள். ஆகவே 1990 இந்திய எண்ணைக் கிராமத்து இந்தியாவின் குரலாக எடுக்கக் கூடாது. கல்வி நிலையை நிலைநிறுத்தி, அதாவது ஒரே அளவு படித்தவர்களுக்குள்ளேயே, ஒப்பிட வேண்டும். மாதிரியின் அளவும் சுருங்கும்: 1,200 பேரில் 300 பேர் இளைஞர்கள் என்றால் அந்தக் குழுவுக்கு மட்டும் பிழை வரம்பு கூட்டியோ குறைத்தோ 6 சதவீதப் புள்ளி. தமிழ்நாட்டு இளைஞர்கள் என்று அதிலிருந்து வெட்டி எடுப்பது வீண்வேலை. அமெரிக்காவை மட்டும் பார்ப்பவர்களுக்கு 1972 முதல் நடக்கும் ஜெனரல் சோஷியல் சர்வே இதைவிட மேல். அடிக்கடி நடப்பதால் அட்டவணையில் இடைவெளி குறைவு.

மேற்கோள் காட்டும்போது கோப்பின் பதிப்பு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். புதிய நாடுகள் சேரும்போதும் பிழை திருத்தும்போதும் பதிப்பு மாறும். எண் ஏன் ஒத்துப்போகவில்லை என்று வாசகர் கேட்டால் அதுதான் முதல் ஆதாரம்.