வேம் வாங்குவதா, டிரைக்கோடெர்மா வாங்குவதா?

இரண்டும் பூசணம், இரண்டும் மண்ணில் போடுவது, கடையில் பக்கத்துப் பக்கத்தில்தான் அடுக்கியிருக்கும். அதனாலேயே ஒன்று தீர்ந்துவிட்டால் "இதுவும் அதேதான்" என்று மற்றதைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். வாழப்பாடி பக்கம் எனக்குக் குச்சிக்கிழங்கு (மரவள்ளி), ஏற்காட்டில் மச்சானுக்குக் காபியும் சில்வர் ஓக்கில் ஏற்றிய மிளகும். இரண்டு இடத்திலும் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டோம். அதே எல்லாம் இல்லை.

வேம் (VAM) என்பது வேர் உட்பூசணம், வேருக்குள்ளேயே போய்க் குடியிருப்பது. செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கும், அது பதிலுக்கு வேர் எட்டாத இடம்வரை நூல் மாதிரி இழை விட்டு மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இழுத்து வரும். தழைச்சத்து போல மணிச்சத்து தண்ணீரோடு ஓடி வராது, போட்ட இடத்திலேயே கிடக்கும். ஏற்காட்டின் புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, மலைக்குக் கீழே சுண்ணாம்பு ஏறிய மண்ணில் கால்சியம் பிடித்துக்கொள்கிறது. ஆக மேலேயும் கீழேயும் இந்த இழைக்கு வேலை இருக்கிறது. அதிலும் குச்சிக்கிழங்குக்கு வேர் தடிமன், வேர்த்தூவி குறைவு, இந்தப் பூசணத்தை நம்பியே பிழைக்கிற பயிர் அது. ஆனால் மணிச்சத்து உரமான டிஏபியை அள்ளிக் கொட்டிவிட்டு வேமும் போட்டால் காசு வீண், மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடியே பூசணத்தை ஒதுக்கிவிடும். அப்புறம் முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், கடுகு இந்தக் குடும்பத்துக்கு வேம் ஒட்டவே ஒட்டாது. ஓசூர் பக்கம் கோஸ் போடுகிறவர்கள் கவனிக்க.

டிரைக்கோடெர்மா வேறு ரகம். அதற்கு உயிருள்ள வேர் தேவையில்லை, மக்கிய குப்பையிலேயே வளரும். நோய்ப் பூசணத்தின் இழையைச் சுற்றிக்கொண்டு கரைத்துத் தின்னும். மஞ்சளில் கிழங்கழுகல், மிளகில் வாடல், நாற்றங்காலில் நாற்றழுகல் என்றால் இதைத்தான் தேட வேண்டும். ஏற்கனவே வாடிச் சாய்ந்த கொடியை எழுப்பாது, அது வேறு கதை.

இங்கே என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். மிளகுக்கு டிரைக்கோடெர்மா போட்ட பத்தாம் நாள் இரண்டு கொடி வாடியது, பதறிப்போய்க் கார்பென்டாசிம் என்ற பூசணக்கொல்லியைக் கரைத்து எல்லா தூரிலும் ஊற்றினேன். மிளகு வாடலுக்குக் காரணமான பைட்டோப்தோரா உண்மையில் பூசண இனமே இல்லையாம், அதே மாதிரி இழை விடுகிற வேறு இனமாம், கார்பென்டாசிமுக்கு அது அசையாது. செத்தது நான் காசு கொடுத்து விட்ட டிரைக்கோடெர்மாதான். மச்சான் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

காசுக் கணக்கு பார்த்தால் டிரைக்கோடெர்மா சுலபம். தொழுவுரத்தில் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு சேர்த்து, ஓரிரு கிலோ தூளைத் தூவி, ஈரச் சாக்கு மூடி நிழலில் 15 நாள் வைத்தால் குவியல் முழுக்கப் பரவிவிடும். வேமை அப்படிப் பெருக்க முடியாது, உயிருள்ள வேர் வேண்டும். மக்காச்சோளம் விதைத்து இரண்டு மாதம் வளர்த்து, தட்டையை அறுத்துவிட்டு வேரையும் மண்ணையும் கொத்தி எடுக்க வேண்டும். கடையில் கிடைப்பதும் பார்வைக்கு வெறும் மண் மாதிரிதான் இருக்கும், ஏமாற்ற வசதி. தயாரிப்புத் தேதி பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால்? மானாவாரிக் குச்சிக்கிழங்குக்கு நான் வேம்தான் வாங்குவேன், அதுவும் நடும்போதே குச்சிக்கு அடியில் படுகிற மாதிரி. வளர்ந்த செடிக்கு மேலே தூவினால் வேரைத் தொடாது. தண்ணீர் தேங்கும் மஞ்சள் வயலுக்கும் மழைக்காலத்து மிளகுக்கும் யோசிக்காமல் டிரைக்கோடெர்மா. காபி நாற்றுப் பைக்கு மட்டும் இரண்டையும் போடுகிறோம், முதலில் வேம், வேர் பிடித்து மூன்று வாரம் கழித்து மற்றது.