நோஸ்ஃபெராட்டு: பேசத் தொடங்கிய ரத்தக்காட்டேரி

ஒரு மௌனப் படத்தை இன்றைய பார்வையாளருக்காக மீண்டும் எடுக்க முன்வரும் இயக்குநர், மௌனம் இருந்த இடத்தில் எதை வைப்பது என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். நிறமும் ஒலியும் தாமாகவே வந்து சேர்ந்துவிடும்; பணம் இருந்தால் கோட்டையையும் நகரத்தையும்கூடக் கட்டிவிடலாம். ஆனால் எஃப். டபிள்யூ. முர்னாவ் 1922-ஆம் ஆண்டு எடுத்த ‘நோஸ்ஃபெராட்டு’வில் ரத்தக்காட்டேரியான ஓர்லோக் பிரபு நம்மை அச்சுறுத்துவதற்குப் பாதிக் காரணம், அவனுடைய குரலை நாம் ஒருபோதும் கேட்பதில்லை என்பதே. வசன அட்டைகளில் சில வரிகள் தோன்றி மறைகின்றன. மற்ற நேரமெல்லாம் நீண்ட விரல்களும் விறைத்த தோள்களும் அகல விரிந்த கண்களுமே அவனுக்காகப் பேசுகின்றன. ராபர்ட் எக்கர்ஸ் எழுதி இயக்கி, 2024 டிசம்பரில் வெளியான மறுஆக்கத்தை இந்த ஒரு கேள்வியை வைத்தே எடைபோட விரும்புகிறேன். அச்சுறுத்தும் வேலையைக் காட்சியிடம் ஒப்படைக்கும் இடங்களில் இப்படம் அபாரமாக இருக்கிறது. அதே வேலையை வசனத்திடம் கொடுக்கும் இடங்களில் தளர்ந்துபோகிறது.

மூலப் படத்தின் பின்னணியைச் சற்றுச் சொல்ல வேண்டும். பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்ட ‘டிராகுலா’ நாவலை, உரிமை பெறாமல், ஊரையும் பெயர்களையும் மாற்றிப் படமாக்கியது பிரானா ஃபிலிம் என்னும் சிறிய ஜெர்மானிய நிறுவனம். டிராகுலா ஓர்லோக் ஆனான். இங்கிலாந்து இருந்த இடத்தில் விஸ்போர்க் என்ற கற்பனைத் துறைமுக நகரம் வந்தது. நாவலாசிரியரின் மனைவி ஃபுளோரன்ஸ் ஸ்டோக்கர் விடாமல் வழக்காடினார். நிறுவனம் திவாலானது, 1925-இல் படத்தின் பிரதிகளை அழிக்குமாறு நீதிமன்றம் உத்தரவிட்டது. அழிவுக்குத் தப்பிய சில பிரதிகளிலிருந்தே நாம் இன்று பார்க்கும் படம் மீட்கப்பட்டிருக்கிறது. ரத்தக்காட்டேரி வெயில் பட்டால் அழிந்துபோகும் என்று இன்று சிறுவர்கள்கூட அறிந்திருக்கும் விதியும் இந்தப் படத்தின் முடிவிலிருந்து பரவியதுதான். நாவலில் வரும் டிராகுலா பகலிலும் தெருவில் நடமாடக்கூடியவன். ஆகவே எக்கர்ஸ் கையில் எடுத்திருப்பது வெறும் ஒரு கதையை அன்று, இந்த வகைப் படங்களின் இலக்கணத்தையே வகுத்த படைப்பை.

கதையின் எலும்புக்கூடு மாறவில்லை. 1838-ஆம் ஆண்டு. புதிதாக மணமான தாமஸ் ஹட்டர், வீடு விற்பனை அலுவலகத்தில் தன் முதலாளியான நாக்கின் கட்டளைப்படி, விஸ்போர்க்கில் ஒரு பாழடைந்த மாளிகையை வாங்க விரும்பும் பிரபுவிடம் கையொப்பம் பெறக் கார்பேத்திய மலைகளுக்குப் புறப்படுகிறான். பிரபுவும் அவனோடு எலிகளும் கொள்ளைநோயும் கடல் வழியாக ஊருக்கு வந்து சேர்கின்றன. மாறியிருப்பது கதையின் மையம். முர்னாவின் படத்தில் ஹட்டரிடம் இருக்கும் சிறு படத்தைப் பார்த்த பிறகே ஓர்லோக்கின் கவனம் அவனுடைய மனைவி எல்லனிடம் திரும்புகிறது. எக்கர்ஸின் படமோ, பல ஆண்டுகளுக்கு முன்பு தனிமையில் தவித்த சிறுமியான எல்லன் துணை வேண்டி இருளை நோக்கிப் பிரார்த்திப்பதிலிருந்தும், அந்தப் பிரார்த்தனைக்கு வரக்கூடாத இடத்திலிருந்து பதில் வருவதிலிருந்தும் தொடங்குகிறது. வீடு வாங்குவது, பத்திரம் எழுதுவது, ஹட்டரின் நீண்ட பயணம் எல்லாமே அவளை அடைவதற்கான சாக்குகளாகிவிடுகின்றன. மறுஆக்கம் கொண்டுவந்த மாற்றங்களில் ஆகச் சிறந்தது இதுதான். அவளுடைய துன்பத்தை மருத்துவர்கள் ‘பெண்களின் நரம்புக் கோளாறு’ என்று முடிவுகட்டி, மயக்க மருந்து கொடுத்துக் கட்டிலில் கட்டிப்போடுவதைப் பார்க்கும்போது, ஓர்லோக் ஊருக்குள் நுழைவதற்கு முன்பே அந்த ஊர் அவளைக் கைவிட்டுவிட்டது தெரிகிறது.

எல்லனாக நடித்திருக்கும் லிலி-ரோஸ் டெப் இந்தப் படத்தின் உண்மையான கண்டுபிடிப்பு. வலிப்பு வந்து அவள் உடல் வில்லாக வளைவதும், கண்கள் மேலே செருகுவதும், நாக்கு தொங்குவதும் கணினியில் செய்த வித்தைகள் அல்ல. ஜப்பானியப் பூத்தோ நடனத்தின் அசைவுகளைப் பயின்று, அவரே உடலால் நிகழ்த்தியவை. மௌனப் பட நடிகர்களுக்கு வசனம் என்ற ஊன்றுகோல் கிடையாது என்பதால், அவர்கள் முழு உடலையும் முகமாக்கிக்கொண்டார்கள். அந்த மரபை நூறாண்டுக்குப் பிறகு, கொஞ்சமும் பழமை வாடை வீசாமல், இவர் மீட்டெடுத்திருக்கிறார். கணவன் முன்னிலையில் அழுகையும் வசையும் காமமும் மாறி மாறி அவள் முகத்தில் ஏறும் நீண்ட காட்சி ஒன்றுக்காகவே படத்தை இன்னொரு முறை பார்க்கலாம்.

அடுத்துச் சொல்ல வேண்டியது ஒளி. முர்னாவின் காலத்தில் இருந்த படச்சுருளைக் கொண்டு இரவு வெளிப்புறக் காட்சிகளை இரவிலேயே எடுப்பது கடினம் என்பதால், பகலில் எடுத்துப் பிறகு நீலச் சாயம் ஏற்றினார்கள். சாயம் போன கறுப்பு வெள்ளைப் பிரதிகளில் ஓர்லோக் பட்டப்பகலில் சவப்பெட்டியைச் சுமந்து நடப்பதாகத் தோன்றி, பலருக்குச் சிரிப்பு வருவதற்கும் அதுவே காரணம். எக்கர்ஸின் ஒளிப்பதிவாளர் ஜாரின் பிளாஷ்கே 35 மி.மீ. படச்சுருளில் எடுத்திருக்கிறார், நிலவொளிக் காட்சிகளில் சிவப்பு நிறத்தைக் கிட்டத்தட்ட முழுவதும் தடுத்துவிடும் ஒரு வடிகட்டியைப் பயன்படுத்தியிருக்கிறார். வண்ணப் படமும் கறுப்பு வெள்ளைப் படமும் சந்திக்கும் எல்லையில் நிற்கும் நீலம் நமக்குக் கிடைக்கிறது. முர்னாவின் சாயத்துக்குச் செலுத்திய கடன் என்றே அதைக் கொள்ளலாம். வீட்டுக்குள் நடக்கும் இரவுக் காட்சிகளில் மெழுகுவத்தியும் கணப்பும் தரும் மஞ்சள் வெளிச்சம் முகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் மீட்டுத்தர, மறுபக்கம் இருளோடு போய்விடுகிறது.

படத்தின் உச்சம் மலைப் பயணமும் கோட்டையும்தான். சிற்றூரில் தங்கும் ஹட்டர், நள்ளிரவில் ஊரார் ஓர் இளம்பெண்ணை ஆடையின்றிக் குதிரையில் அமர்த்தி, ரத்தக்காட்டேரி புதைந்திருக்கும் குழியைக் கண்டுபிடித்துத் தோண்டுவதை ஒளிந்து நின்று பார்க்கிறான். அவர்கள் மொழி அவனுக்குப் புரியாது. நமக்கும் விளக்கம் தரப்படுவதில்லை. பனி விழும் காட்டுப் பாதையில் அவன் தன்னந்தனியாக நிற்க, தொலைவிலிருந்து ஒரு கோச்சு வண்டி அவனை நோக்கி வருகிறது. வண்டியின் கதவு தானாகவே திறக்கிறது. அவன் ஏறுவதை நாம் பார்க்கும் முன்பே வண்டி அவனை உள்ளே வைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறது. இதே பயணத்தை முர்னாவ், நெகட்டிவ் படச்சுருளைக் காட்டி, காட்டின் மரங்கள் வெளுத்து வானம் கறுக்கும்படி செய்தார். எக்கர்ஸ் அந்த உத்தியைத் தொடாமல், அது தந்த உணர்வை மட்டும் வேறு வழியில் வரவழைக்கிறார். மறுஆக்கம் செய்ய நினைப்பவர்கள் பாடமாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

ஓர்லோக்காக வரும் பில் ஸ்கார்ஸ்கார்டின் தோற்றம் வெளியானபோது மீசையைப் பற்றியே பெரும் சர்ச்சை நடந்தது. நான் மீசையின் பக்கம். மேக்ஸ் ஷ்ரெக் 1922-இல் தாங்கி வந்த வழுக்கைத் தலையும் எலிப் பற்களும் கூர்த்த காதுகளும் இன்று பொம்மைகளிலும் கார்ட்டூன்களிலும் பழகிப்போய்விட்டன. அதே உருவத்தை மீண்டும் கொண்டுவந்தால் பயம் வராது, பழைய நண்பரைப் பார்த்த மகிழ்ச்சிதான் வரும். எக்கர்ஸின் ஓர்லோக், கம்பளி மேலங்கி அணிந்த, அழுகிக்கொண்டிருக்கும் பழங்காலத் திரான்சில்வேனியப் பிரபு. முதல் பாதி முழுவதும் அவனை இருளிலும் கவனம் குவியாத ஓரத்திலும் வைத்து, ஒரு நகம், ஒரு தோள், ஒரு மூச்சு என்று துண்டு துண்டாகவே காட்டுகிறார்கள். குரலைத் தாழ்த்துவதற்காக ஸ்கார்ஸ்கார்ட் ஓப்பரா பாடகி ஒருவரிடம் பயிற்சி பெற்றார். இன்றைய ருமேனியப் பகுதியில் பண்டைக் காலத்தில் பேசப்பட்டு வழக்கொழிந்த டேசிய மொழியை மறுகட்டமைப்புச் செய்து அவனுக்குச் சில வரிகளும் கொடுத்திருக்கிறார்கள். கோட்டையில் அந்தக் குரல், பொருளுக்கு முன்பு அதிர்வாகவும் மூச்சிரைப்பாகவும் நம்மை எட்டும்போது, மௌனத்துக்கு ஈடாக வேறொன்று கிடைத்துவிட்டது என்று தோன்றுகிறது.

சிக்கல் அவன் ஊருக்கு வந்த பிறகு தொடங்குகிறது. எல்லனின் முன்னால் நின்று அவன் நிபந்தனை விதிக்கிறான், மூன்று இரவுகள் தவணை கொடுக்கிறான், உடன்படிக்கையின் விதிகளை விளக்குகிறான். கோட்டையில் பேரிருளாக இருந்தவன் விஸ்போர்க்கில் வழக்காடுபவன்போல ஆகிவிடுகிறான். குரல் அதேதான்; அது சொல்வதெல்லாம் தெளிவாகப் புரிகிறது என்பதே குறை.

அவன் ஒருவன் மட்டும் பேசினால் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாம் பாதியில் எல்லோரும் பேசுகிறார்கள். மறைஞானப் பேராசிரியர் ஃபோன் ஃபிரான்ஸாக வரும் வில்லெம் டஃபோ திரையில் இருக்கும்வரை சுவாரசியத்துக்குக் குறைவில்லை. 2000-ஆம் ஆண்டில் வந்த ஒரு படத்தில் மேக்ஸ் ஷ்ரெக்காகவே நடித்தவர் அவர் என்பதும், இந்தப் பாத்திரத்துக்கு மூலப் படத்தின் தயாரிப்பாளரும் கலை வடிவமைப்பாளருமான அல்பின் கிராவின் முதற்பெயர் சூட்டப்பட்டிருப்பதும் விவரம் அறிந்தவர்களுக்கான விருந்து. ஆனால் அவருடைய வேலை விளக்கவுரை சொல்வது. முர்னாவின் படத்தில் இதே இடத்தில் வரும் பேராசிரியர் பூச்சியுண்ணும் செடி ஒன்று ஈயைப் பிடித்து மூடிக்கொள்வதை மாணவர்களுக்குக் காட்டுகிறார். இயற்கைக்குள்ளேயே ரத்தக்காட்டேரி இருக்கிறது என்பதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. எக்கர்ஸின் பேராசிரியர் அதையே பல காட்சிகளில் பேசித் தீர்க்கிறார். இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. 1922-இன் எல்லன், கணவன் படிக்க வேண்டாமென்று தடுத்த புத்தகத்தைத் தானே எடுத்துப் படித்து, தன்னைப் பலியிட்டால் ஊர் பிழைக்கும் என்று தனியாக முடிவு செய்கிறாள். எல்லனையே மையமாக்கிய 2024-இன் படத்திலோ, முடிவு அவளுடையதே என்றாலும், ஒரு பேராசிரியரின் பாராட்டுரையும் ஒப்புதலும் உடன் வருகின்றன. பேசாத படத்தின் பெண் இந்த இடத்தில் கூடுதல் சுதந்திரத்தோடு இருந்தாள்.

ஹட்டரின் நண்பர் ஹார்டிங்காக வரும் ஆரோன் டெய்லர்-ஜான்சன் எல்லா வரிகளையும் ஒரே விறைப்போடு சொல்கிறார். நாக்காக வரும் சைமன் மெக்பர்னி அதற்கு நேர்மாறு. வெறி முற்றிய அவருடைய சிரிப்பு நீண்ட நேரம் காதில் நிற்கிறது. ஹட்டராக வரும் நிக்கோலஸ் ஹோல்ட் பயத்தை நடிப்பதில் வல்லவர், கோட்டைக் காட்சிகளில் அவருடைய நடுக்கமே நமக்கு வழிகாட்டி.

மறுஆக்கம் இழந்திருக்கும் பெரும் செல்வம் கப்பல். மாலுமிகள் ஒவ்வொருவராகச் சாவதும், ஓர்லோக் சவப்பெட்டியிலிருந்து மரப்பலகைபோல் விறைப்பாக நிமிர்வதும், ஆளில்லாத கப்பல் காட்சிச் சட்டத்தின் ஓரத்திலிருந்து ஓசையின்றித் துறைமுகத்துக்குள் நழுவுவதும் முர்னாவின் படத்துக்கு உயிர்நாடி. எக்கர்ஸ் அதைச் சில நிமிடங்களில் கடந்துவிடுகிறார். கொள்ளைநோயும் அப்படியே. முதல் உலகப் போரும் அதையொட்டிப் பரவிய விஷக்காய்ச்சலும் ஓய்ந்த சில ஆண்டுகளில் வந்த மூலப் படத்தில், சவப்பெட்டிகள் வரிசையாகத் தெருவில் போகும் ஒரு காட்சியே போதுமானதாக இருந்தது. கொரோனாவைக் கடந்து வந்த இன்றைய பார்வையாளரிடம் அதைவிட ஆழமாகப் பேசியிருக்கலாம். ஆயிரக்கணக்கான உண்மையான எலிகள் தெருவில் ஓடியும், ஊரின் மரணம் பின்னணியாகவே நின்றுவிடுகிறது. வெர்னர் ஹெர்சாக் 1979-இல் எடுத்த மறுஆக்கம் இந்த இடத்தில் வெகுதூரம் முன்னால் நிற்கிறது: நகரச் சதுக்கத்தில் எலிகளுக்கு நடுவே மேசை போட்டு விருந்துண்ணும், சாவு நிச்சயமான மனிதர்களை அதில் மறக்க முடியாது. கிளாஸ் கின்ஸ்கி நடித்த ரத்தக்காட்டேரி சாக முடியாத சலிப்பில் வாடுபவன். எக்கர்ஸின் ஓர்லோக் தன்னை வெறும் பசி என்றே அறிமுகப்படுத்திக்கொள்கிறான். இரண்டுமே முர்னாவிடமிருந்து கிளைத்த நேர்மையான வாசிப்புகள் என்றாலும், ஹெர்சாக் தன் பாத்திரங்களைக் குறைவாகப் பேசவிட்டார் என்பதைக் குறிப்பிட வேண்டும்.

ராபின் கரோலனின் இசை தந்திக் கருவிகளாலும் கூட்டுக்குரல்களாலும் காட்சிகளைத் தாங்குகிறது. ஆனால் திடீர் ஓசையால் பார்வையாளரைத் திடுக்கிடச் செய்யும் சில இடங்கள், இந்த அளவுக்குப் பொறுமையாகக் கட்டப்பட்ட படத்துக்குத் தேவையே இல்லை. ஓர்லோக் நெஞ்சில் வாய் வைத்து ரத்தம் குடிக்கும்போது கேட்கும் விழுங்கல் ஓசை, அந்த அதிரடிகளைவிடப் பல மடங்கு கூசவைக்கிறது.

ஆஸ்கரில் ஒளிப்பதிவு, கலை வடிவமைப்பு, ஆடை வடிவமைப்பு, ஒப்பனை ஆகிய நான்கு பிரிவுகளில் படம் பரிந்துரைக்கப்பட்டது. நான்கும் கண்ணால் காணும் கலைகள் என்பது படத்தின் பலம் எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகவே சொல்கிறது. சுமார் 5 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம் உலகெங்கும் 18 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. மெதுவாக நகரும், இருண்ட, பழைய பாணிப் படத்துக்கும் இன்றைய பார்வையாளர் வருவார்கள் என்று தயாரிப்பாளர்கள் இனியாவது நம்பலாம்.

பார்க்க நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். இது கைப்பேசியில் பார்ப்பதற்கான படம் அன்று. வீட்டில் பார்ப்பதானால் விளக்கை அணைத்து, தொலைக்காட்சியின் தானியங்கி வெளிச்ச மாற்றத்தையும் நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதிப் படம் கறுப்புத் திரையாகவே தெரியும். நிர்வாணமும் பிணங்களும் குழந்தைகள் பலியாகும் காட்சியும் இருப்பதால் சிறுவர்களோடு பார்க்க இயலாது. நேரமிருந்தால் முர்னாவின் படத்தை, நீலமும் மஞ்சளும் மீட்கப்பட்ட பிரதியில், முதலில் பார்ப்பது நல்லது; ஒன்றரை மணி நேரம்தான். எக்கர்ஸின் படம் 132 நிமிடம் ஓடுகிறது. இதைவிடச் சில நிமிடங்கள் நீண்ட பதிப்பும் கிடைக்கிறது. அதைத் தேடிப் போகத் தேவையில்லை, திரையரங்கில் வந்த வடிவமே போதும்.